கலாத்தியா இலை ஓரம் கருகுகிறது, ஈரப்பதத்தை எப்படிக் கூட்டுவது?

திருநகர்_பச்சை:
கொடைக்கானலில் வாங்கி வந்த கலாத்தியாவை (ஈரக்காற்று கேட்கும் அழகு இலைச்செடி) ஏசி அறையில் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். புது இலை சுருண்டபடியே நிற்கிறது, விரிந்தாலும் ஓரம் அப்பளம் மாதிரி மொறுமொறு. காலையும் மாலையும் ஸ்பிரே அடித்தும் பலனில்லை. மதுரை அக்னி நட்சத்திரத்தை இது தாண்டுமா?

மாடித்தோட்டம்:
ஸ்பிரேயை விடுங்கள் தம்பி, தெளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், அப்புறம் காற்று பழையபடி வறட்சிதான். ஏசியே அறையின் ஈரத்தை உறிஞ்சி வெளியே சொட்டவிடுகிற சாமான், அதன் காற்று நேராகப் படாத மூலைக்கு மாற்றிவிட்டு ஒரு ஈரப்பதமானியை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். 60 சதவீதம் இருந்தால் நல்லது. செடிக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற கூழாங்கல் தட்டு அழகுக்குத்தான். சின்னச் செடி என்றால் ஈரம் உள்ளேயே தங்குகிற மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துவிடலாம், அதைவிடச் சுலபமான வழி இல்லை.

வைகைக்கரை:
ஏர்கூலர் இருந்தால் ஏசிக்குப் பதில் அதை ஓட்டுங்கள், ஈரக்காற்றுதானே வரும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

செம்மண்:
போர் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? உப்பு ஏறினாலும் இலை நுனி இப்படித்தான் கருகும். மண் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். ஆர்ஓ கழிவுநீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேரும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அருமை.

திருநகர்_பச்சை:
போர் தண்ணீர்தான் அண்ணே, தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு. சரி, முதலில் தண்ணீரை மாற்றுகிறேன். கருகின இலையை வெட்டலாமா?

செம்மண்:
காய்ந்த ஓரத்தை மட்டும் கத்தரியுங்கள், பச்சையைத் தொடாதீர்கள்.