தங்க ஆய்வு நிறுவனம் ஈவுத்தொகை வழங்காதது ஏன்?

கேள்வி:
சுரங்கம் எதையும் தொடங்காமல், தங்கப் படிவைத் தேடும் நிலையிலேயே உள்ள சிறிய நிறுவனம் ஒன்றின் பங்குகளை வைத்திருக்கிறேன். தங்கத்தின் விலை உயர்ந்தும் அது ஈவுத்தொகை அறிவிக்காதது ஏன்?

பதில் 1:
விலை உயர்ந்தாலும், விற்பதற்கு அந்நிறுவனத்திடம் தங்கம் இல்லையே! துளையிடல், மாதிரிப் பகுப்பாய்வு, உரிமக் கட்டணம் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் புதிய பங்குகளை விற்றுத் திரட்டிய பணத்திலேயே நடைபெறுகின்றன. அப்பணத்தை ஈவாகப் பிரித்தளித்தால், முதலீட்டாளர் கொடுத்ததையே அவரிடம் திருப்பித் தந்துவிட்டு, அடுத்த துளையிடலுக்காக மீண்டும் பங்குகளை வெளியிட்டு, அவருடைய உரிமை விகிதத்தைக் குறைக்க நேரிடும். இலாபமின்றி ஈவு வழங்குவதைப் பல நாடுகளின் சட்டங்களும் கட்டுப்படுத்துகின்றன.

பதில் 2:
விதிவிலக்கு உண்டு. கண்டறிந்த படிவைப் பெரிய நிறுவனத்துக்கு விற்றால், சிறப்பு ஈவுத்தொகை கிடைக்கலாம். அமெரிக்கத் தங்கச் சுரங்க நிறுவனமான நியூமான்ட் 2011இல் ஈவுத்தொகையைத் தங்கத்தின் விலையோடு இணைத்தது உண்மையே. ஆனால் அது தங்கத்தை எடுத்து விற்கும் உற்பத்தி நிறுவனம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் நிதி அறிக்கையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
கையிருப்புப் பணம் எத்தனை காலாண்டுகளுக்குப் போதும் என்பதையும், செலவில் எவ்வளவு துளையிடல் போன்ற நிலத்தடி ஆய்வுக்குச் செல்கிறது, எவ்வளவு இயக்குநர்களின் ஊதியமாகிறது என்பதையும் பாருங்கள். என் கருத்தில், இரண்டாவதே கூடுதலாகப் பேசும்.