காலை முழுக்க ஒயின் சுவைக்கும் வேலை: பல் கூசுவது பழகிவிடுமா?

கேள்வி: ஒயின் இறக்குமதி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். ஒரே காலையில் முப்பது, நாற்பது ஒயின் சுவைக்க வேண்டியிருக்கிறது. துப்பித்தான் விடுகிறேன். ஆனாலும் மதியத்துக்குள் தலை கனக்கிறது, பல் கூசுகிறது. பழகிவிடுமா?

பதில்: தலை பழகும், பல் பழகாது. ஒயினின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 3 முதல் 4 வரை, அதாவது நல்ல அமிலம்; பல்லின் மேற்பூச்சான எனாமல் இளகிவிடும். சுவைத்த கையோடு பல் துலக்காதீர்கள். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரமாவது பொறுங்கள். துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உள்ளே போகத்தான் செய்யும், வண்டி ஓட்ட வேண்டாம். வெள்ளையை முடித்துவிட்டுச் சிவப்புக்குப் போங்கள். சிவப்பில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நாக்கில் ஒட்டிக்கொண்டால் அடுத்தது எதுவும் தெரியாது. நெடுநாளாக இதே தொழில்தான் எனக்கு. கூச்சப்பட்டுத் துப்பாமல் விழுங்கியவர்கள் யாரும் நிலைத்ததில்லை.

இன்னொருவர்: மாலையில் வீட்டில் ஒயின் குடிப்பீர்களா?

பதில்: பெரும்பாலும் பீர்தான்! ஒயினை எடுத்தால் மூக்கு உடனே குறை தேடும். ஈர அட்டை வாசம் வருகிறதா, அந்த வாசத்தைத் தரும் டிசிஏ என்ற வேதிப்பொருள் கார்க்கில் இருக்கிறதா என்று. விஸ்கி என்றால் பரவாயில்லை, சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் விரியும். அதைப் பற்றிக் குறிப்பெழுத வேண்டியதில்லை என்பதே பாதி சுகம்.

கேள்வி கேட்டவர்: சரி, நாளையிலிருந்து பல் துலக்குவதைத் தள்ளிப்போடுகிறேன். நன்றி அண்ணா.