கன்வெர்ட்டர் மாற்றினால் ஏற்றத்தில் இழுக்குமா?

தலவாக்கலை விட்ஸ்:
2007 டொயோட்டா விட்ஸ் கார், ஆயிரம் சிசி. கினிகத்தேனை ஏற்றத்தில் எவ்வளவு மிதித்தாலும் முக்குகிறது. லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 10தான். செக் என்ஜின் விளக்கும் எரிகிறது. ஸ்கேன் பண்ணினால் பி0420 என்ற பிழைக் கோட் வருகிறது. கராஜில், புகையைச் சுத்தம் பண்ணும் கட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. மாற்றினால் இழுவையும் பெற்றோல் சிக்கனமும் திரும்புமா, அண்ணன்மாரே?

பொகவந்தலாவை ரைடர்:
எதற்குச் செலவு? உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயாக விடுங்கள். பறக்கும்.

அட்டன் பாஸ்:
பறக்காது தம்பி, நாறும். வாகன வருமான லைசன் எடுக்கப் போகும்போது புகைப் பரிசோதனையிலும் மாட்டுவீர்கள். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய சாமான் அது; தட்டி எடுத்ததை யார் கொண்டுபோகிறார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விட்ஸ் தம்பிக்கு: கன்வெர்ட்டர் பலமிழப்பது வேறு, அடைப்பது வேறு. பி0420 சொல்வது முதலாவதை. புகையைச் சுத்தம் பண்ணும் வேலை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் இழுவை குறையாது, மாற்றினாலும் அதிகரிக்காது. உள்ளே இருக்கும், தேன்கூடு போன்ற பகுதி உருகியோ உடைந்தோ அடைத்தால்தான் புகை போக வழியில்லாமல் என்ஜின் திணறும். அப்போது மாற்றினால் காலில் வித்தியாசம் தெரியும். அதுவும் போன சக்திதான் திரும்பும், புதிதாக ஒன்றும் சேராது.

பார்ப்பது சுலபம். என்ஜின் ஆறியதும் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பூட்டச் சொல்லுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு. அப்புறம், நுவரெலியா 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தித் தரும் டேர்போ இல்லாத சின்ன என்ஜின் அங்கே சோர்வதற்குக் கன்வெர்ட்டரைத் திட்டக் கூடாது.

தலவாக்கலை விட்ஸ்:
பார்த்தாச்சு பாஸ். 2500இல் ஒன்றரைகூட இல்லை. ஆனால் ஒரு சிலிண்டரில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயில் விட்டுவிட்டு வேலை செய்கிறதாம். பிளக் கறுத்து ஈரமாக இருந்தது.

அட்டன் பாஸ்:
அதுதான் உங்களுக்குக் குறைந்துபோன 4 கிலோமீற்றர். எரியாத பெற்றோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் தேன்கூடே உருகிவிடும், தள்ளிப்போடாமல் கொயிலையும் பிளக்குகளையும் மாற்றுங்கள். அந்தப் பிழைக் கோட் எண்ணை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். பி0420 திரும்ப வந்தால் கன்வெர்ட்டரைப் பற்றிப் பேசலாம், சம்பளம் வந்த பிறகு.