மறு: ஹம்பக்கர், சிங்கிள் காயிலுக்குத் தமிழ்ல என்ன?

> பிக்கப் = ஒலிவாங்கி, ஹம்பக்கர் = இரைச்சல்கொல்லி, தொனி "தடிமனா" வரணும்னா இரைச்சல்கொல்லி போடணும். இப்படி எழுதலாமா?

வணக்கம். எலெக்ட்ரிக் கிதார்ல தொனி தடிமனா வர என்ன பண்ணணும்னு கேட்ட தம்பிக்குத் தமிழ்ல பதில் எழுதத்தானே இந்தச் சொற்கள்? கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற பாகம் பிக்கப், அதுல ஒரே சுருள் இருந்தா சிங்கிள் காயில், பக்கத்துல பக்கத்துல ரெண்டு இருந்தா ஹம்பக்கர்.

மூணுமே மாத்தணும்னு தோணுது. ஒலிவாங்கிங்கற சொல் எப்பவோ மைக்குக்குப் போயிடுச்சு, அதுக்கும் மேல எலெக்ட்ரிக் கிதார் பிக்கப் ஒலியை வாங்கறதே இல்ல. காந்தத்துக்கு மேல எஃகுக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் ஆடும், அந்த ஆட்டம் காந்தத்தைச் சுத்தியிருக்கிற செம்புச் சுருள்ல மின்சாரத்தைத் தூண்டும். அதே கிதார்ல நைலான் கம்பியை மாட்டி மீட்டிப் பாருங்க, ஆம்ப்ளிஃபயர்ல ஒண்ணும் வராது. அதனால அதிர்வுணரின்னு வைப்போம். வீணையில ஒட்டுற, அழுத்தத்தை மின்சாரமா மாத்தற பீசோவுக்கும் இது பொருந்தும், பிரிச்சுச் சொல்ல வேண்டிய இடத்துல காந்த அதிர்வுணரி.

"தடிமன்" வேண்டாம். தடிச்ச வார்த்தைன்னா நமக்கு வேற அர்த்தம். கனத்த தொனின்னு சொல்லுங்க, கனமான குரல்னு பாட்டுக்காரங்களைப் பத்திப் பேசுற அதே கனம்.

முக்கியமான பிரச்சனை இரைச்சல்கொல்லிதான். 1955-ல கிப்சன் கிதார் கம்பெனியில சேத் லவர்ங்கற பொறியாளர் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டப்போ நோக்கம் இரைச்சலை ஒழிக்கறதுதான், பேரும் அப்படித்தான் வந்துச்சு. ரெண்டு சுருளை எதிரெதிரா இணைச்சு, காந்த முனையையும் மாத்தி வச்சா கரண்ட்லேர்ந்து வர்ற இரைச்சல் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், கம்பியோட சிக்னல் மட்டும் கூடும். ஆனா கனம் வர்ற வழி வேற. சுத்து எண்ணிக்கை கூடக்கூட மின்தூண்டல் ஏறும், அதிர்வுணரியோட ஒத்ததிர்வு உச்சம் (அது அதிகமா தூக்கிக் கொடுக்கிற அதிர்வெண்) கீழ இறங்கும், கூர்மை குறைஞ்சு நடு ஸ்தாயி முன்னாடி வரும். போதாததுக்கு ரெண்டு சுருளும் கம்பியை ரெண்டு இடத்துல கேக்கறதால மேல் ஹார்மோனிக்ஸ் (சுரத்தோட சேர்ந்து ஒலிக்கிற உயர் அதிர்வுகள்) கொஞ்சம் கழிஞ்சுபோகுது.

இப்ப பாருங்க, 1946-லேயே வந்த கிப்சன் பி-90ங்கற அதிர்வுணரி ஒத்தைச் சுருள்தான், இரைச்சலும் உண்டு, ஆனா நல்ல கனம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமா ஸ்ட்ராட்) கிதாருக்கு "நாய்ஸ்லெஸ்"னு விக்கிற அதிர்வுணரி பலதுல சுருள் ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், கீழ்ச்சுருள் கம்பிக்குத் தள்ளி இருக்கறதால அதோட வேலை பெரும்பாலும் இரைச்சலைக் கழிக்கறதோட சரி, தொனி அதே மெல்லிசுதான். இரைச்சல்கொல்லின்னு நாம பேர் வச்சா கேள்வி கேட்ட தம்பி இதைப் போய் வாங்கிட்டு வந்துடுவார். என்னோட முன்மொழிவு: சிங்கிள் காயிலுக்கு ஒற்றைச்சுருள், ஹம்பக்கருக்கு இணைச்சுருள், இந்த அடுக்கு வகைக்கு அடுக்குச்சுருள்.

---

> இணைச்சுருள்

காரணம் எல்லாம் சரி, ஆனா "இணை"யில எனக்கு உடன்பாடு இல்ல. நாலு வயர் வெளிய வர்ற மாடல்ல ரெண்டு சுருளையும் தொடர் இணைப்பாவும் போடலாம், பக்க இணைப்பாவும் போடலாம், ரெண்டுக்கும் தொனி வேற. வழக்கமா இருக்கறது தொடர்தான், கனமும் அதுலதான். பாடப்புத்தகத்துல ரெண்டுமே "இணைப்பு"னு இருக்க, நாம இணைச்சுருள்னு வேற வச்சா வயரிங் விளக்கம் எழுதறவங்க பாடு திண்டாட்டம். இரட்டைச்சுருள்னு சொல்லலாம்னா அடுக்குலயும் ரெண்டு சுருள் இருக்கே. சோடிச்சுருள் எப்படி? சோடின்னாலே பக்கத்துல பக்கத்துல நிக்கறது, மாட்டுச்சோடி மாதிரி.

---

சோடிச்சுருள் அருமை, என் பரிந்துரையை வாபஸ் வாங்கிக்கறேன், விக்சனரியில இதையே ஏத்திடலாம், ஒற்றை, சோடி, அடுக்குன்னு மூணையும் ஒரே பக்கத்துல சேர்த்து.

தம்பிக்கு இனி நேரா சொல்லலாம். ஸ்ட்ராட் வகைக் கிதார்னா முழு அளவு சோடிச்சுருளுக்குப் பிக்கார்டை (கிதார் முகப்புத் தகட்டை) வெட்டணும், சிலதுல மரத்தையே குடையணும். வெட்ட மனசில்லன்னா ஒற்றைச்சுருள் அளவுலயே, கம்பிக்கு ஒண்ணா இருக்கிற உலோகக் குமிழுக்குப் பதில் நீளப் பட்டை வச்ச சோடிச்சுருள் கிடைக்குது, பிரிட்ஜ் (உடம்புல கம்பியைத் தாங்குற பாலம்) பக்கம் அதைப் போடுங்க. கடைக்காரர் மின்தடையைக் கிலோ ஓம் கணக்குல சொல்லுவார், சாதாரண ஸ்ட்ராட் சுருள் 6 கிட்ட, பழைய பாணி சோடிச்சுருள் 8 கிட்டன்னு. அதை மட்டும் நம்பாதீங்க, மெல்லிசு கம்பியால சுத்தினா சுத்து கூடாமலே மின்தடை ஏறும், மின்தூண்டலை அளக்கிற ஹென்றி கணக்கு போட்டிருந்தா அதைப் பாருங்க. சோடிச்சுருளுக்கு வழக்கமா 500 கிலோ ஓம் வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு), ஸ்ட்ராட்ல இருக்கிற 250-ஐ அப்படியே விட்டா கூர்மை இன்னும் மங்கும், சிலருக்கு அதுவே பிடிக்கும்.

செலவு பண்றதுக்கு முன்னாடி இருக்கிற அதிர்வுணரியைத் திருகாணியால கொஞ்சம் உயர்த்தி வாசிச்சுப் பாருங்க. சத்தம் ஏறும், கனமும் கொஞ்சம் வரும். ரொம்ப ஏத்தினா காந்தம் தடிச்ச கம்பிகளை இழுத்து சுருதி தடுமாறும், அந்த இடத்துலேர்ந்து ஒரு சுத்து இறக்கிக்கங்க.