அப்டேட்: இன்டர்நஷனல் பிஸ்னஸ் டிகிரி எடுக்கவா எண்டு கேட்டிருந்தனே

ஏஎல் கொமர்ஸ் முடிச்சிட்டு இன்டர்நஷனல் பிஸ்னஸ் படிக்கவா, இல்லாட்டி அக்கவுண்டிங் பக்கம் போகவா எண்டு முந்தி கேட்டிருந்தன், கனபேர் வேலை கிடைக்காது எண்டு பயம் காட்டினீங்க. எடுத்திட்டன், முதல் வருஷம் ஓடுது.

மார்க்கெட்டிங், எகனாமிக்ஸ் எல்லாம் மற்ற மனேஜ்மென்ட் டிகிரி மாதிரித்தான். எனக்குப் பிடிச்சது இன்கோடேர்ம்ஸ் 2020, அதாவது நாடு விட்டு நாடு சாமான் விக்கேக்க செலவும் ரிஸ்க்கும் ஆற்ற பொறுப்பு எண்டு சொல்லுற சர்வதேச விதிகள். அதில சிஐஎஃப் எண்ட விதிப்படி விக்கிறவர் கப்பல் கூலியும் கட்டி இன்சூரன்சும் போடுவார், ஆனா அவற்ற பக்கத்துத் துறைமுகத்தில சாமான் கப்பல்ல ஏறின உடனயே ரிஸ்க் வாங்கிறவருக்கு மாறிடும், நடுக்கடல்ல ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரனுக்குப் பின்னால அலையிறது வாங்கினவர்தான். ஹார்பர்ல வேலை செய்த மாமாவே இதை நம்பேல்ல! திருகோணமலை சீனக்குடாவில பிரிமா மாவு ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வந்து நிக்கிறதை சின்னனில இருந்து பாக்கிறன், இப்ப பாத்தா இதுக்கு எல்சி (விக்கிறவருக்குக் காசு தருவம் எண்டு பேங்க் குடுக்கிற உறுதிக் கடிதம்) எந்த பேங்கில திறந்திருப்பாங்க எண்டுதான் யோசனை போகுது.

அக்கவுண்டிங்கும் விட மனமில்லாதவங்க சிமா எண்ட மனேஜ்மென்ட் அக்கவுண்டிங் படிப்பையும் சேத்துச் செய்யிறாங்க, ஆனா நித்திரை இருக்காது.

மேத்ஸ் பயம் எண்டு கேட்ட தங்கச்சிக்கு: ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டாயம், தப்ப ஏலாது.