வெர்சிஸா, ஆர்25-ஆ? 35 மில்லிமீட்டருக்குப் பதில் சொல்லுங்கள்

பால்மரம் (இரவு 8.10)

நேற்று சாயங்காலம் நம்ம பேராக் சுங்கை சிப்புட் பசார் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இந்த மோட்டார் சைக்கிள் குழுவில் இருக்கும் ஒரு தம்பி. புதிதாக வண்டி வாங்கப்போகும் பையன் ஒருவனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிய வண்டி எல்லாம் எருமை மாதிரி, நேராகத்தான் போகும். வளைவில் திரும்ப வேண்டுமென்றால் ஆர்25 ஒன்றுதான்." பக்கத்தில் மாமனார் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

யமஹா ஆர்25-இன் வீல்பேஸ், அதாவது முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை, 1380 மில்லிமீட்டர். நான் ஓட்டும் கவாசாக்கி வெர்சிஸ் 650-க்கு 1415. வித்தியாசம் 35 மில்லிமீட்டர். இரண்டு விரல் அகலம். இந்த இரண்டு விரலில் ஒன்று மான் ஆகிவிடுமா, இன்னொன்று எருமை ஆகிவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளைவுராஜா (இரவு 8.31)

அந்தத் தம்பி நான்தான் அண்ணே. ஒளித்துப் பேச வேண்டியதில்லை.

சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன். ஆர்25 எடை 166 கிலோ. உங்கள் வெர்சிஸ் 219. நடுவில் 53 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சடக்கில் (சாலையில்) ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாய்ந்து எழுந்து பாருங்கள், அப்புறம் விரல் கணக்குப் பேசலாம். பின் டயர் எனக்கு 140, உங்களுக்கு 160. ஒரே வளைவு, ஒரே வேகம் என்றால் அகலமான டயர் வண்டி கொஞ்சம் கூடுதலாகத்தான் சாய வேண்டும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பால்மரம் (இரவு 8.40)

எடையைக் கேட்டேனா? 35 மில்லிமீட்டரைக் கேட்டேன்.

எடை என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். வெர்சிஸின் கைப்பிடி அகலம். இரண்டு கையும் விரிந்து நிற்கும். அந்த நெம்பு இருக்கும்போது லேசாக அழுத்தினாலே வண்டி சாயும். ஆர்25-இல் கைப்பிடி குட்டை, அதுவும் 2019-க்கு அப்புறம் வந்த மாடலில் இன்னும் கீழே இறக்கிவிட்டார்கள். மலை இறங்கும்போது உடம்பு பாரம் முழுக்க மணிக்கட்டில். மலை மேலே ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கி வந்தவர்கள் கையை உதறிக்கொண்டு நிற்பதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வண்டியைத் திருப்புகிற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டியின் கைப்பிடி நன்றாகத் திரும்பும், ஒரே வளைப்பில் திரும்பி வந்துவிடுவேன். ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர்கள் இரண்டு தடவை காலால் பின்னால் தள்ளித்தான் திருப்புகிறார்கள். இதில் எது எருமை?

ஈப்போ அக்கா (இரவு 8.52)

இரண்டு பேரும் உயரமான ஆம்பிளைகள், அதனால் ஒரு விஷயம் உங்கள் கண்ணில் படவே இல்லை. நான் ஐந்து அடி இரண்டு அங்குலம். ஆர்25 இருக்கை 780 மில்லிமீட்டர், வெர்சிஸ் 845. எனக்கு அந்த 65 மில்லிமீட்டர்தான் வாழ்க்கை. போன வருடம் ஒரு கடையில் வெர்சிஸ் மீது ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கால் நுனி மட்டும் தொட்டது, இன்னொரு பக்கம் அந்தரத்தில். சிவப்பு விளக்கில் அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் போதும், 219 கிலோவும் சாயும். அதைத் தூக்க நான் யாரைக் கூப்பிடுவது?

பால்மரம் (இரவு 8.58)

தங்கச்சி, இருக்கை உயரத்தைப் பற்றி நான் பேசவில்லை. உயரத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கையைச் செதுக்கிக் கொடுக்கும் ஆட்கள் ஈப்போவிலேயே இருக்கிறார்கள். கேள்வி 35 மில்லிமீட்டர்.

ஈப்போ அக்கா (இரவு 9.01)

செதுக்கினால் பஞ்சு போய்விடும், நீங்கள் பெருமையடிக்கும் சொகுசும் அதோடு போய்விடும். கேள்வியை நீங்கள் ஒருவர்தான் தீர்மானிப்பீர்களா அண்ணே?

ஏழாம்நம்பர் லயம் (இரவு 9.10)

காசைப் பற்றி யாராவது பேசுங்கள். 250 சிசி வரைக்கும் பி2 லைசென்ஸ் போதும். வெர்சிஸ் ஓட்ட முழு பி எடுக்க வேண்டும், அதற்குத் திரும்ப வகுப்பு, திரும்பத் தேர்வு. சாலை வரி 250 வண்டிக்கு வருடத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), 650-க்கு 250 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டுகிறவன் பிள்ளை எதை வாங்குவான்? இதுதான் கேள்வி.

வளைவுராஜா (இரவு 9.14)

சரியாகச் சொன்னாய் மச்சான்.

பால்மரம் (இரவு 9.33)

நானும் செம்பனைக் குலை வெட்டுகிறவன் பிள்ளைதான். அப்பா அதற்கு முன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியற்காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், கைவிளக்கோடு மரத்துக்கு மரம் நடந்தவர். என்னிடம் காசுக் கதை பேச வேண்டாம்.

நானும் சின்ன வயதில் ஸ்போர்ட்ஸ் வண்டி வைத்திருந்தவன்தான், இங்கே பல பேருக்குத் தெரியாது. அதை ஏன் விற்றேன் என்று சொல்கிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒரு தடவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அந்த வண்டியின் பின் இருக்கை ஒரு சின்னத் தலையணை அளவுக்கு இருக்கும், அதுவும் மேலே தூக்கிக்கொண்டு. அம்மா சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருவார். பிடிக்க எதுவும் இல்லை. என் சட்டையின் இடுப்புப் பக்கத்தை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். பிரேக்கைத் தொட்டால் என் முதுகில் வந்து சாய்வார். தோட்டத்து முனையில் செம்பனை லோரிகள் வெளியே வரும் இடத்தில், தார்ச் சடக்கில் இருபது அடிக்குச் செம்மண் சேறு அப்பிக் கிடக்கும், நடுவில் உதிர்ந்த செம்பனைப் பழம் நசுங்கி எண்ணெய் விட்டிருக்கும். அந்த இடத்தில் நான் காலை இரண்டு பக்கமும் இறக்கிக்கொண்டு ஊர்ந்து போவேன். அம்மா "முருகா, முருகா" என்று சொல்வது காதுக்குப் பக்கத்தில் கேட்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவருக்குக் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே நின்றார். அடுத்த மாதமே விற்றுவிட்டேன்.

வெர்சிஸில் பின்னால் உட்காருகிறவருக்கு அகலமான இருக்கை, இரண்டு பக்கமும் பிடி. முன் சஸ்பென்ஷன் 150 மில்லிமீட்டர் இறங்கும், ஆர்25-இல் 130. தோட்டத்துச் சடக்கின் பள்ளத்தில் அந்த இருபதின் அருமை தெரியும். அம்மா கடைசி இரண்டு வருடம் அதில்தான் வந்தார். அந்த வண்டியை எருமை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வரத்தான் செய்யும்.

ஈப்போ அக்கா (இரவு 9.41)

அம்மா விஷயம் கேட்டு மனசு கனத்துவிட்டது அண்ணே. ஆனால் இது எருமையா இல்லையா என்பதற்குப் பதில் இல்லையே. சுகமான வண்டி என்று யாரும் மறுக்கவில்லை.

வளைவுராஜா (இரவு 9.55)

அண்ணே, அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் எனக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

எங்கள் லயத்தில் தாத்தா காலத்திலிருந்து சைக்கிள், அப்புறம் ஹோண்டா இஎக்ஸ்5 சின்ன வண்டி. அவ்வளவுதான். ஈப்போ தொழிற்சாலையில் மூன்று வருடம் இரவு ஷிப்டும் ஓவர்டைமும் செய்து, கடன் இல்லாமல் ஆர்25 எடுத்தேன். வண்டி வந்த அன்று அப்பா வெளியே வந்து, கையைக் கைலியில் துடைத்துவிட்டு டேங்கைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எலுமிச்சம்பழம் வாங்க அவரே கடைக்கு நடந்தார். அந்த வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குப் போகும்போதுதான் முழு சக்தி வரும். லாத்தா இஸ்கந்தார் அருவி தாண்டி ஏற்றத்தில் கியரைக் குறைத்து, சுற்றை ஏற விட்டு, இடது வலது என்று படுத்து எழுகிற அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க வேலைக்குப் போகிறேன். உங்கள் வண்டி 8500 சுற்றிலேயே இழுத்து முடித்துவிடும். வேலை செய்ய நல்ல வண்டி. அது வேறு, இது வேறு.

பால்மரம் (இரவு 10.02)

கீழ்ச் சுற்றிலேயே இழுப்பதுதானே மலையில் வேண்டும்? கொண்டை ஊசியிலிருந்து வெளியே வரும்போது நீ இரண்டு கியர் குறைத்துக்கொண்டிருப்பாய், நான் கையைத் திருப்பியதும் போய்விடுவேன். போன வருடம் ரிங்லெட்டில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று இங்கே சொல்லட்டுமா?

வளைவுராஜா (இரவு 10.04)

சொல்லுங்கள். நான் லாத்தா இஸ்கந்தாரில் தண்ணீர் குடிக்க நின்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பால்மரம் (இரவு 10.06)

நீ நின்றது நான் தாண்டிப் போனதற்கு அப்புறம்.

வளைவுராஜா (இரவு 10.07)

முன்னால். நான் அருவிப் பாலத்துப் பக்கம் நிற்கும்போதுதான் நீங்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனீர்கள். பின்னால் வந்த நான்கு பேர் பார்த்தார்கள்.

ஏழாம்நம்பர் லயம் (இரவு 10.11)

நான் அந்த நான்கு பேரில் ஒருவன். தம்பி முன்னால்தான் நின்றான். ஆனால் அவன் தண்ணீர் குடிக்கவில்லை, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வளைவுராஜா (இரவு 10.12)

மச்சான், நீ எந்தப் பக்கம்?

ஏழாம்நம்பர் லயம் (இரவு 10.13)

பார்த்ததைச் சொன்னேன்.

பால்மரம் (இரவு 10.15)

பார்த்தீர்களா? மணிக்கட்டு. நான் சொன்னது அதுதான். அதுவும் இங்கிருந்து தாப்பா வரைக்குமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, அதற்கு அப்புறம்தான் மலை. மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் உன் கை செத்துவிடும். என் டேங்க் 21 லிட்டர், உன்னுடையது 14. நீ நடுவில் எண்ணெய் போட நிற்பாய், நான் போய்க்கொண்டிருப்பேன்.

வளைவுராஜா (இரவு 10.20)

90 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் போதாதா? எதற்கு இந்தக் கணக்கு? நீங்கள் இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அடுக்கு வீட்டில் இருக்கிறீர்கள், தோட்டத்துச் சடக்கைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்கள். தினமும் அந்தச் செம்மண்ணில் போய் வருகிறவன் நான். சேற்றில் 166 கிலோவைக் காலால் தாங்க முடியும். 219 சறுக்கினால் நீங்களும் கீழே, வண்டியும் கீழே.

பால்மரம் (இரவு 10.26)

தாமானுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், போனோம். இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். தாமான்காரன் என்று சொல்ல உனக்கு என்ன உரிமை? உன் அப்பாவும் நானும் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. அவரைக் கேட்டுப் பார்.

ஈப்போ அக்கா (இரவு 10.30)

தம்பி, அது தேவையில்லாத பேச்சு. எடுத்துவிடு.

வளைவுராஜா (இரவு 10.33)

எடுக்கமாட்டேன் அக்கா. என் வண்டியை "ரெம்பிட் வண்டி", அதாவது தெருவில் ரேஸ் விடும் ரவுடிப் பசங்க வண்டி, என்று போன தைப்பூசத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர். அதை அவர் எடுக்கட்டும் முதலில்.

பால்மரம் (இரவு 10.35)

வண்டியைச் சொல்லவில்லை, புகைக்குழாய்ச் சத்தத்தைச் சொன்னேன். இராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கைக்குழந்தை இருக்கும் வீட்டு வாசலில் அந்தச் சத்தம் போட்டால் வேறு என்ன சொல்வார்கள்?

வளைவுராஜா (இரவு 10.36)

அது கம்பெனிக் குழாய். மாற்றவே இல்லை.

பால்மரம் (இரவு 10.37)

மாற்றினாய். ஜனவரியில் திரும்ப மாட்டினாய். பட்டறையில் நான் பார்த்தேன்.

ஏழாம்நம்பர் லயம் (இரவு 10.40)

அந்தப் பட்டறையில் சங்கிலி மாற்றிய 40 வெள்ளியை எனக்கு இன்னும் யார் தரவேண்டும் என்பதையும் அப்படியே பேசிவிடுங்கள்.

வளைவுராஜா (இரவு 10.41)

வெள்ளிக்கிழமை சம்பளம். தருகிறேன் என்று சொன்னேனே.

ஈப்போ அக்கா (இரவு 10.48)

அந்தப் புதுப் பையன் என்னிடம் தனியாகக் கேட்டான். எவ்வளவு உயரம், பின்னால் யாரை ஏற்றுவாய், லைசென்ஸ் என்ன என்று கேட்டேன். பி2 தான் இருக்கிறதாம். தங்கையைத் தினமும் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட வேண்டுமாம். இதை நீங்கள் யாருமே அவனிடம் கேட்கவில்லை.

பால்மரம் (இரவு 10.52)

பின்னால் ஆள் உட்கார வேண்டும் என்றால் வெர்சிஸ்தான். முழு பி எடுக்கட்டும். நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுகிறேன்.

வளைவுராஜா (இரவு 10.54)

லைசென்ஸ் எடுத்து, காசு சேர்த்து, எப்போது ஓட்டுவான்? தங்கை படித்தே முடித்துவிடுவாள். ஆர்25-இல் என் அக்காவும் பின்னால் வருகிறாள், ஒன்றும் ஆகவில்லை.

பால்மரம் (இரவு 10.57)

உன் அக்காவிடம் கேட்டுவிட்டு எழுது. இன்னும் என் முதல் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. 35 மில்லிமீட்டர்.

வளைவுராஜா (இரவு 10.58)

சொல்லியாயிற்று. 53 கிலோ.

பால்மரம் (இரவு 11.05)

அது எடை. நான் கேட்டது நீளம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எண்ணெய் நிலையத்துக்கு வா. அளவு நாடா நான் கொண்டுவருகிறேன், இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் அளப்போம். அப்புறம் தாப்பா. இந்தத் தடவை அருவியில் யாரும் நிற்கக்கூடாது.

வளைவுராஜா (இரவு 11.07)

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிகிறது. ஏழரைக்கு வருகிறேன். ஏழாம்நம்பர், நீயும் வா, யார் முன்னால் போகிறார்கள் என்று பார்.

ஏழாம்நம்பர் லயம் (இரவு 11.09)

40 வெள்ளியைக் கையில் கொடுத்தால் வருகிறேன்.