ஃப்ரெக்கில்டன் விளையாட்டுத் திடல்: ‘பொது இழப்பு’ என்ற சொல் பொருந்துமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரின் நினைவுச்சின்னங்களைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். அதில் ஓரிடத்தில் எழுத்து நகர மறுக்கிறது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஃப்ரெக்கில்டன் என்ற சிற்றூரில், 1944 ஆகஸ்ட் 23 காலை 10:47 மணி அளவில், அமெரிக்க வான்படையின் பி-24 லிபரேட்டர் விமானம் ஒன்று புயல்மழைக்கு நடுவே விழுந்து, ஹோலி டிரினிட்டி பள்ளியின் மழலையர் பிரிவை எரித்துவிட்டது. இறந்த 61 பேரில் 38 பேர் பள்ளிப் பிள்ளைகள். ஓராண்டு நிறைவதற்கு மூன்று நாள் முன்பு, 1945 ஆகஸ்ட் 20 அன்று, அருகிலிருந்த வார்டன் தளத்து அமெரிக்கர்கள் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடலை நினைவாக வழங்கினார்கள். அங்குள்ள கல்வெட்டு, வழங்கியவர்களை ஊரின் ‘அண்டை அயலார்’ என்றும், நேர்ந்ததை இரு தரப்பாருக்கும் ‘பொதுவான இழப்பு’ என்றும் சொல்கிறது.

விழுந்த விமானம் யாருடையது என்பதைச் சொல்லாமல், இழப்பை மட்டும் பொதுவாக்குவது முறைதானா? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கல்லின் முன் நின்று இதைப் படித்திருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1

ஐயா, பொறுப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன், அன்று காலை நடந்ததைப் பார்த்துவிடலாம். வார்டன் என்பது விமானங்களைப் பழுதுபார்த்துப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பும் பெரிய பணிமனைத் தளம். அப்படிச் சீர்செய்யப்பட்ட இரண்டு லிபரேட்டர்கள் சோதனைப் பறப்புக்காகக் கிளம்பின. சிறிது நேரத்திலேயே கடும் இடிமழை நெருங்குவதாகத் தகவல் வந்ததால், இரண்டையும் உடனே திரும்பச் சொன்னார்கள். அவை தளத்தை நெருங்கியபோது தரையே தெரியாத அளவுக்கு மழை சூழ்ந்துவிட்டது. ஒன்று வடக்கே விலகிப் போய்த் தப்பியது. மற்றொன்றின் இறக்கை முதலில் ஒரு மரத்திலும் பிறகு கட்டடத்திலும் மோதி முறிய, எஞ்சிய உடல் வீடுகளையும் ஒரு சிற்றுண்டிச்சாலையையும் இடித்துக்கொண்டு லிதம் சாலையைக் கடந்து தீப்பிடித்தது; அந்தத் தீதான் மழலையர் வகுப்பைச் சூழ்ந்தது.

காரணம் இதுதான் என்று விசாரணையால் அறுதியிட முடியவில்லை. காற்றின் கொந்தளிப்பில் விமானத்தின் கட்டமைப்பே சிதைந்திருக்கலாம் என்பதும் கருதப்பட்டது. ஆனால் ஒன்றை அந்த அறிக்கை மறைக்கவில்லை. பிரிட்டனுக்கு வரும் அமெரிக்க விமானிகள் பலர் இங்குள்ள இடிமழையைச் சாதாரணத் தூறலாக எண்ணிவிடுகிறார்கள் என்றும், அதன் ஆபத்தை அவர்களுக்கு அழுத்தமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால், ஒரு தரப்பு தன் தவறைப் பற்றிப் பேச வேண்டிய இடம் அத்தகைய அறிக்கைதான். குழந்தைகள் ஊஞ்சலாடும் இடத்தில் நிற்கும் கல் அன்று.

பதில் 2

பிரஸ்டனில் வசிக்கிறேன், ஃப்ரெக்கில்டன் எங்களுக்கு மிக அருகில் இருப்பதால் இரண்டு முறை போயிருக்கிறேன். முதலில் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைகளில் பலரை ஆகஸ்ட் 26 அன்று அங்கே ஒரே குழியில் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு பெட்டிகளைச் சுமந்து வந்தவர்கள் அமெரிக்க வீரர்கள். அங்கே பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒரே குடும்பப்பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் கண் நின்றுவிடுகிறது.

பிறகு திடலுக்கு நடந்தேன். ஒரு சிறுமி, அவளுக்கு நான்கு வயதிருக்கும், கல்வெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தன் செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு மறுபடி ஓடினாள். அவள் அம்மா அதட்டவில்லை. கல்லைத் தொடாதே என்று யாரும் சொல்லாத ஒரு நினைவிடத்தை அன்றுதான் பார்த்தேன்.

‘அண்டை அயலார்’ என்பதை நான் ஒப்புக்குச் சொன்ன சொல்லாக எடுத்துக்கொள்ளவில்லை. விபத்துக்கு முன்பே அந்த வீரர்கள் ஊருக்குள் பழகியவர்கள். தீயிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு வார்டன் தளத்து மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. பாடகர் பிங் கிராஸ்பி அவர்களைப் பார்க்க வந்து, கட்டிலருகே நின்று பாட முடியாமல் உடைந்துபோய், வெளியே நடைவழியில் நின்று பாடினார்.

பதில் 3

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் நெருடலை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட வேண்டாம். கொடுப்பவர் எழுதும் கல்வெட்டில் கொடுப்பவரின் குரல்தான் இருக்கும். ஊரார் தங்கள் குரலில் ஒரு நினைவை எழுப்ப எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாருங்கள்: விபத்தை ஒட்டித் தொடங்கிய நிதியைக் கொண்டு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது 1977-இல். அமெரிக்கர்களுக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது. ஊருக்கு 33 ஆண்டுகள் தேவைப்பட்டன. துயரத்தில் இருப்பவர்களுக்கு எதைக் கட்டுவது என்று முடிவெடுப்பதே பெரும்பாடு. ஆகவே, கட்டுரையில் திடலைப் பற்றி எழுதும் பக்கத்திலேயே மண்டபத்தைப் பற்றியும் எழுதுங்கள்.

இன்னொன்று. ‘பொது இழப்பு’ என்பதை எண்ணிக்கையாகவும் பார்க்க வேண்டும். விமானத்தில் இருந்த மூவரும் இறந்தார்கள். சிற்றுண்டிச்சாலையில் இறந்த 14 பேரில் 7 பேர் அமெரிக்கர்கள், 4 பேர் பிரிட்டிஷ் வான்படையினர், 3 பேர் பொதுமக்கள். பள்ளியில் பிள்ளைகளோடு 6 பெரியவர்களும் இறந்தார்கள். வார்டன் தளம் தன் ஆட்களில் பத்துப் பேரை அதே காலையில் இழந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் பத்துப் பேரை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பள்ளியின் துயரம் மிகப் பெரியதாக இருந்ததால், காலைத் தேநீருக்காகச் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்தவர்கள் என் கட்டுரையில் ‘மேலும் சிலர்’ ஆகிவிட்டார்கள். விபத்து நடந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை 2007-இல்தான் வைக்கப்பட்டது என்று இப்போது படித்தேன். ‘பொது இழப்பு’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன். யாருடைய விமானம் என்பதை அதற்கு முந்தைய வரியிலேயே எழுதிவிடுகிறேன். ‘மேலும் சிலர்’ என்பதை அடித்துவிட்டு, 7, 4, 3 என்று பிரித்து எழுதியிருக்கிறேன்.